‘உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை’: அதிகாரம் ஆளைத் தனியாக்கும் விதம்

பழையகோப்பு:

அநியாயம், மூளைச்சலவை என்று பேச்செடுத்தாலே நாம் நேராக சர்வாதிகாரிகளிடமும் பிரசார மேடைகளிடமும் போய்விடுகிறோம். இந்த விவாத இழையை நான் ஒரு கணக்குப் புத்தக விவகாரத்தில் தொடங்குகிறேன். அதில் துப்பாக்கியும் கிடையாது, கோஷமும் கிடையாது.

பிரிட்டனில் 1999 முதல் கிளை அஞ்சலகங்களுக்கு ‘ஹொரைசன்’ என்ற கணினிக் கணக்கு முறை வந்தது. ஃபுஜிட்சு நிறுவனம் நடத்தியது. அங்கே கிளை அஞ்சலகங்களை நடத்துபவர்களில் பெரும்பாலோர் சம்பள ஊழியர்கள் அல்ல. ஒப்பந்தத்தில் எடுத்து நடத்துபவர்கள், பலர் சிறு கடைக்காரர்கள். மாலையில் கணக்கை முடிக்கும்போது கையில் இருக்கும் பணம் ஒன்று சொல்லும், திரை வேறொன்று சொல்லும். குறைந்த தொகையை நீங்கள்தான் கட்ட வேண்டும் என்றது நிர்வாகம். பதறிப்போய் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டவர்களில் பலருக்கு ஒரே பதில்தான் கிடைத்தது: ‘இந்தப் பிரச்சினை வேறு யாருக்கும் இல்லை. உங்களுக்கு மட்டும்தான்.’

சேமிப்பைக் கரைத்துக் கட்டினார்கள். வீட்டை அடமானம் வைத்துக் கட்டினார்கள். முடியாதவர்கள்மேல் திருட்டு வழக்கு, பொய்க்கணக்கு வழக்கு. பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்தது காவல் துறை இல்லை, அஞ்சலக நிறுவனமே. பணம் போச்சு என்று புகார் சொல்வதும் அது, விசாரிப்பதும் அது, கூண்டில் ஏற்றுவதும் அது. 1999-க்கும் 2015-க்கும் இடையில் 900-க்கும் மேற்பட்டவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். போதாக்குறைக்கு, கணினிப் பதிவைச் சாட்சியமாகக் காட்டும் தரப்பு அந்தக் கணினி ஒழுங்காக வேலை செய்ததை நிரூபிக்க வேண்டும் என்ற பழைய விதியை 1999-இல் எடுத்துவிட்டார்கள். கணினி சரி என்பதே தொடக்கப்புள்ளி. தப்பு என்று காட்டுவது உன் பாடு.

நான் சொல்ல வருவது இதுதான். ஒரு பொய்யை ஆயிரம் பேர் மண்டையில் ஏற்றுவது கஷ்டமான வேலை. ஆயிரம் பேரையும் தனித்தனியாக உட்காரவைத்து ‘உனக்கு மட்டும்தான்’ என்று சொல்வது சுலபம். அதிகாரம் பெரும்பாலும் இரண்டாவது வழியில்தான் வேலை செய்கிறது என்று நினைக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள்.

கரும்பலகை:

ஐயா, தபால் கதை நெஞ்சை அடைக்கிறது. ஆனால் முடிவை ஒப்புக்கொள்ள மாட்டேன். மண்டையில் ஏற்றுவது கஷ்டம் என்கிறீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். அது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும்.

நாஜி ஜெர்மனியில் 1930-களில் ஒரு கணக்குப் பாடப்புத்தகம். அதில் ஒரு கேள்வி ஏறக்குறைய இப்படி: ‘ஒரு மனநல விடுதி கட்ட 60 லட்சம் மார்க் ஆகிறது. வீடு ஒன்றுக்கு 15,000 மார்க் வீதம், அந்தப் பணத்தில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்?’

விடை 400. சரியாகப் போட்டால் முழு மதிப்பெண்.

இதில் வெறுப்புச் சொல் ஒன்றுகூட இல்லை, பாருங்கள். நோயாளியைத் திட்டவில்லை. பிள்ளை செய்ய வேண்டியது வகுத்தல் மட்டும். ஆனால் அந்த வகுத்தலுக்குள் போவதற்கு முன்பே ஒன்றை அது ஒப்புக்கொண்டுவிடுகிறது: நோயாளியும் வீடும் ஒரே தராசில் வைக்கத்தக்கவை. வாதம் பண்ணிச் சொன்னால் பிள்ளை எதிர்வாதம் பண்ணும். கணக்காகக் கொடுத்தால் யார் எதிர்வாதம் பண்ணுவார்கள்? ‘டீச்சர், விடுதியில் இருப்பவர்கள் எங்கே போவார்கள்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், ‘அதைக் கேட்கலை, விடையைச் சொல்லு’ என்றுதான் நாம் எல்லாரும் சொல்வோம். நானும் சொல்வேன். பாடத்திட்டம் முடிக்க வேண்டுமே.

1939-இல் மாற்றுத்திறனாளிகளையும் மனநோயாளிகளையும் கொல்லும் ‘டி4’ திட்டம் தொடங்கியது. 1941 ஆகஸ்டுக்குள் நச்சுவாயுவால் மட்டும் 70,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். பன்னிரண்டு வயதில் அந்தக் கணக்கைப் போட்டவர்கள் அதற்குள் வாலிபர்கள். ‘தனியாக்குதல்’ இங்கே எங்கே இருக்கிறது? வகுப்பே சேர்ந்து உட்கார்ந்து சேர்ந்தே வகுத்தது.

முள்வேலி:

அதிகாரம் கையில வந்தா எவனா இருந்தாலும் இப்படித்தான். ஸ்டான்ஃபோர்டுல 1971-ல நடந்த சிறை சோதனையைப் படிங்க. சாதாரணக் கல்லூரிப் பசங்களுக்குக் காவலர் உடுப்பைப் போட்டு விட்டாங்க, ஆறே நாள்ல மிருகம் ஆயிட்டானுங்க. மனுசப் புத்தி அவ்வளவுதான். இதுல பாடப்புத்தகம் என்ன, உதவி எண் என்ன.

பழையகோப்பு:

கரும்பலகை அவர்களே, அந்தக் கணக்கு உதாரணத்துக்கு உடனே என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே டி4 எப்படி வெளியே கசிந்தது என்பதையும் பாருங்கள். இறந்தவரின் குடும்பத்துக்குத் தனித்தனியே கடிதம் போகும். நிமோனியா, குடல்வால் அழற்சி என்று ஏதோ ஒரு காரணம். உடலை எரித்துவிட்டோம், சாம்பல் அனுப்புகிறோம் என்று இரண்டு வரி. சில குடும்பங்களுக்கு ஒரே ஆளுக்கு இரண்டு சாம்பல் கலசங்கள் வந்து சேர்ந்தன. குடல்வாலை எப்போதோ அறுவை செய்து எடுத்துவிட்ட ஒருவர் குடல்வால் அழற்சியால் செத்ததாகக் கடிதம் வந்தது.

ஒரு குடும்பத்துக்கு அது எழுத்தர் பிழை. பத்துக் குடும்பம் கடிதங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது கொலை. முன்ஸ்டர் நகரக் கத்தோலிக்க ஆயர் ஃபான் காலன் 1941 ஆகஸ்டில் மேடையேறி வெளிப்படையாகக் கண்டித்தபோது, அந்தப் பிரசங்கத்தை ஜனங்கள் கையாலும் தட்டச்சிலும் பிரதியெடுத்து ஊரெங்கும் பரப்பினார்கள். அதே மாதக் கடைசியில் நச்சுவாயுக் கொலையை நிறுத்த உத்தரவு வந்தது. கொலை நிற்கவில்லை, பட்டினியாலும் ஊசியாலும் ரகசியமாகத் தொடர்ந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

சதுரங்கன்:

முள்வேலி, அந்த ஸ்டான்ஃபோர்டு கதையை இனியாவது விட்டுவிடுவோம். ஆவணக் காப்பகத்தைத் தோண்டிய பிரெஞ்சு ஆய்வாளர் லெ தெக்ஸியே, காவலர்களுக்கு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்டதைக் காட்டிவிட்டார். மிருகமாக மாறவில்லை, மிருகமாக நடிக்கச் சொன்னார்கள். அதைவைத்து ‘மனுசப் புத்தி அவ்வளவுதான்’ என்று சொல்வது அதிகாரத்துக்கு ரொம்ப வசதி. யாரையும் குற்றம் சொல்ல முடியாது பாருங்கள்.

மில்கிராம் சோதனைக்குக் கொஞ்சம் கனம் உண்டு. யேல் பல்கலைக்கழகம், 1961. பக்கத்து அறையில் இருப்பவர் தப்பாகப் பதில் சொன்னால் மின்அதிர்ச்சி கொடுக்க வேண்டும். அதிர்ச்சி பொய், ஆனால் கொடுப்பவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் கடைசி 450 வோல்ட் வரை போனார்கள். இந்த ஒரு எண்ணைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு முக்கியம் அதே சோதனையின் வேறு இரண்டு வடிவங்கள்.

ஒன்றில், சுவிட்சை அழுத்துவது வேறொரு ஆள் (நடிகர்). சோதனைக்கு வந்தவருக்குத் துணைவேலைதான், கேள்வி படிப்பது மாதிரி. அதில் 40 பேரில் 37 பேர் கடைசிவரை கூடவே இருந்தார்கள். அதாவது நேரடியாக அடிக்காத, காகிதம் நகர்த்துகிற ஆளிடமிருந்து எதிர்ப்பே வராது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றில், பக்கத்தில் இரண்டு சக ‘ஆசிரியர்கள்’ (அதிர்ச்சி கொடுப்பவருக்கு அங்கே அந்தப் பெயர்) உட்கார்ந்திருப்பார்கள். அவர்களும் நடிகர்கள். ஒருவர் நடுவில் எழுந்து ‘என்னால் முடியாது’ என்பார். கொஞ்ச நேரத்தில் அடுத்தவரும் எழுந்துவிடுவார். அதற்குப் பிறகு கடைசிவரை போனவர்கள் 40-இல் 4 பேர்தான்.

மனிதர்கள் அதே மனிதர்கள். அறையும் ஏறக்குறைய அதே அறை. 26 எங்கே, 4 எங்கே, 37 எங்கே.

இதற்குப் பத்தாண்டு முன்பே உளவியலாளர் சாலமன் ஆஷ் கோடுகளை வைத்து இதைக் காட்டியிருந்தார். எந்தக் கோடு எந்தக் கோட்டுக்குச் சமம் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் அறையில் உள்ள மற்ற எல்லாரும் ஒரே தப்பான பதிலைச் சொன்னால், சோதனைக்கு வந்தவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை தானும் தப்பாகச் சொல்கிறார். ஒரே ஒரு கூட்டாளி சரியான பதிலைச் சொன்னால் போதும், அந்தத் தப்பு நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஒரே ஒரு ஆள்!

எனவே நான் பழையகோப்பு பக்கம். ஆனால் அவர் காரணத்துக்காக அல்ல, எண்களுக்காக.

கரும்பலகை:

சதுரங்கன், எண்களை எடுத்தீர்கள், நானும் எடுக்கிறேன். மில்கிராம் சோதனையில் தயங்குபவருக்குச் சொல்ல நான்கு வாசகம் வைத்திருந்தார்கள். நான்காவது: ‘உங்களுக்கு வேறு வழியில்லை, தொடர்ந்தே ஆக வேண்டும்.’ பிற்காலத்தில், 2009-இல் வெளியான, பர்கர் என்ற உளவியலாளரின் மறுசோதனையில் அந்த நான்காவது வாசகத்தைக் கேட்ட ஒருவர்கூடத் தொடரவில்லை. அப்பட்டமான உத்தரவுக்கு ஜனங்கள் முறைக்கிறார்கள். ‘இந்தச் சோதனைக்கு நீங்கள் தொடர்வது அவசியம்’ என்றால்தான் பணிகிறார்கள். அறிவியலுக்காக, நல்ல காரியத்துக்காகச் செய்கிறோம் என்று நம்பித்தான் சுவிட்சை அழுத்தினார்கள் என்று உளவியலாளர்கள் ஹாஸ்லமும் ரைச்சரும் வாதாடுகிறார்கள்.

நான் சொன்ன கணக்குப் பாடம் அந்த வேலையைத்தான் செய்கிறது. இது நல்ல காரியம் என்ற நினைப்பை முன்கூட்டியே விதைத்துவைக்கிறது. அது இல்லாமல் உங்கள் ‘தனியாக்குதல்’ வெறும் மிரட்டல்தான். மிரட்டலுக்குப் பயந்தவன் வாய்ப்புக் கிடைத்தால் நழுவுவான். நம்பிக்கை வந்தவன் பக்கத்து ஆளையும் இழுத்துக்கொண்டு வருவான்.

உங்கள் அஞ்சலகக் கதையிலேயே பாருங்கள். ‘உங்களுக்கு மட்டும்தான்’ என்று தொலைபேசியில் சொன்ன அந்த ஊழியர் யார்? வில்லனா? கணினி தப்புப் பண்ணாது என்று உண்மையிலேயே நம்பிய ஒருவராகத்தான் இருந்திருப்பார்.

இரவுப்பணி:

இவ்வளவு நாள் படிச்சிட்டு மட்டும் போவேன், இன்னைக்கு எழுதத் தோணுது. புத்தகத்துல இருக்கறதெல்லாம் எங்க கிடங்குல நடக்குது.

நான் ராத்திரி ஷிஃப்ட். எங்க இடம் பேரு வேணாம். சேர்ந்த முதல் வாரம் பயிற்சின்னு ஒரு ஹால்ல உக்கார வச்சாங்க. வேலை சொல்லிக்குடுத்தது கொஞ்சம்தான். மிச்ச நேரமெல்லாம் ‘நாம ஒரே குடும்பம்’ தான். தினமும் காலையில எழுந்து நின்னு நிறுவனத்தோட உறுதிமொழியைச் சத்தமா சொல்லணும். முதல் நாள் எல்லாரும் சிரிப்பை அடக்கிட்டுத்தான் சொன்னோம். வாரக் கடைசியில சிரிச்ச ஒரு பையனை மத்தவங்களே முறைச்சாங்க. நானும் முறைச்சேன்னு நினைக்கிறேன்.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ஷிஃப்ட் முடிஞ்சாலும் வெளிய விட மாட்டாங்க. லோடு முடியணும். அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. மாசக் கடைசியில ஒரு படிவம் வரும்: ‘கூடுதல் நேரம் நான் என் சொந்த விருப்பத்தின் பேரில் தங்கினேன்’ அப்படின்னு அச்சடிச்சிருக்கும். பேரு, கையெழுத்து. அவ்வளவுதான். சூப்பர்வைசர் பேனாவோட கதவுகிட்ட நிப்பாரு. போற வழியிலேயே போட்டுட்டுப் போகணும். படிக்க நின்னா பின்னாடி இருக்கறவன் ‘யோவ், பஸ் போயிரும், போட்டுட்டு நகருய்யா’ம்பான்.

நான் ஒரு தடவை கேட்டேன், சார் நான் விருப்பப்பட்டுத் தங்கலியேன்னு. அவரு கோவப்படவே இல்ல. தோள்ல கைபோட்டு ஓரமா கூட்டிட்டுப் போயி, ‘தம்பி, இத்தனை பேரு போடுறாங்க, ஒருத்தனுக்கும் வராத சந்தேகம் உனக்கு மட்டும் ஏன் வருது? வீட்ல ஏதாவது பிரச்சினையா?’ன்னாரு. இந்தத் தலைப்பைப் பாத்ததும் எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு.

டீச்சரம்மா சொல்றதுல ஒண்ணு மட்டும் எனக்கு ஒத்து வரலைங்க. அந்தக் குடும்பம் கிடும்பம் பேச்சை எங்கள்ல ஒருத்தனும் நம்பலை. ஆனா ஒவ்வொருத்தனும், மத்தவன் நம்புறான்னு நினைச்சிட்டிருக்கான்.

சதுரங்கன்:

இரவுப்பணியின் கடைசி வரியை அப்படியே சட்டம் போட்டு மாட்டலாம். தைமூர் குரான் என்ற பொருளாதார அறிஞர் இதைத்தான் ஒரு கோட்பாடாகவே வளர்த்தார்: ஆட்சியை உள்ளுக்குள் வெறுப்பவர்களே பெரும்பான்மையாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொருவரும் தான் மட்டும்தான் என்று நினைத்து வெளியில் கைதட்டுவார்கள். அதனால்தான் அப்படிப்பட்ட ஆட்சிகள் அசையாத மலை மாதிரி தெரிந்துவிட்டு ஒரே வாரத்தில் விழுகின்றன. 1989 டிசம்பர் 21 அன்று புக்கரெஸ்டில் ருமேனியாவின் சர்வாதிகாரி சௌஷெஸ்கு தானே கூட்டிய கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். நேரடி ஒளிபரப்பு. கூட்டத்தில் எங்கோ கூச்சல் கிளம்பியது, அவர் பேச்சை நிறுத்திவிட்டு ஒன்றும் புரியாமல் கையைத் தூக்கியபடி நின்றது திரையில் போனது. மறுநாள் ஹெலிகாப்டரில் ஓடினார். 25-ஆம் தேதி சுட்டுக் கொன்றார்கள்.

அந்தக் கூச்சல் ஒளிபரப்பானதுதான் விசயம் என்பேன். கூச்சலின் அளவு இல்லை.

பழையகோப்பு:

இரவுப்பணி தம்பி, எழுதியதற்கு நன்றி. ‘வீட்டில் ஏதாவது பிரச்சினையா’ என்ற கேள்வியைக் கவனித்தீர்களா? கிழக்கு ஜெர்மனியின் ஸ்டாசி உளவுத்துறை இதைத் துறைவாரியான நடைமுறையாகவே எழுதிவைத்திருந்தது. 1976 ஜனவரியில் ஓர் உள்உத்தரவு. அதில் ‘சிதைத்தல்’ என்ற பெயரில் வழிமுறைகள்: ஆளைக் கைது செய்யாதே, அவர் பெயரைக் கெடு, நண்பர்களிடையே சந்தேகத்தைக் கிளப்பு, வேலையில் தோல்விகளை ஏற்பாடு செய். வீட்டுக்குள் புகுந்து சாமான்களை இடம் மாற்றி வைத்த சம்பவங்களும் உண்டு. பாதிக்கப்பட்டவர் வெளியில் சொன்னால் என்ன ஆகும்? ‘யாரோ என் வீட்டுக்கு வந்து துண்டை இடம் மாற்றி மாட்டுகிறார்கள்’ என்றால் உங்கள் மனைவிகூட உங்களைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார். 1989-இல் அந்தத் துறைக்கு 91,000 முழுநேர ஊழியர்கள், அதற்கும் மேல் ஏறக்குறைய 1,89,000 ரகசியத் தகவலாளிகள். நாட்டின் மக்கள்தொகையே ஒன்றரைக் கோடிக்குச் சற்று மேல்தான். இத்தனை பேரை வைத்துக்கொண்டு அவர்கள் கொள்கையைப் புகட்டவில்லை. ஆட்களைப் பிரித்தார்கள்.

இதற்கு எதிர்முனையில் ஒன்று. அர்ஜென்டினாவில் 1976-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் ஆயிரக்கணக்கானவர்கள் காணாமல் போனார்கள். அம்மாக்கள் அமைச்சகத்துக்குப் போவார்கள், காவல் நிலையத்துக்குப் போவார்கள். ‘அப்படி ஒரு பெயரே பதிவில் இல்லை’, ‘உங்கள் மகன் எங்காவது பெண்ணோடு ஓடியிருப்பான்’. ஒவ்வொரு தாய்க்கும் இந்த மாதிரி பதில்தான். ஆனால் ராணுவம் ஒன்றை யோசிக்கவில்லை. எல்லாரையும் ஒரே மாதிரி அலைக்கழித்ததில் எல்லாரும் அதே காத்திருப்பு அறைகளில் மணிக்கணக்கில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. ‘நீங்க யாரைத் தேடி வந்திருக்கீங்க?’ என்ற பேச்சு அங்கேதான் தொடங்கியது.

1977 ஏப்ரல் 30 அன்று 14 பெண்கள் அதிபர் மாளிகை எதிரே மாயோ சதுக்கத்தில் கூடினார்கள். கூட்டம் கூடத் தடை, நிற்காதீர்கள், நடங்கள் என்று போலீஸ் விரட்டியது. சரியென்று இரண்டிரண்டு பேராகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார்கள். உத்தரவை மீறவே இல்லை! அந்த நடை வாராவாரம் தொடர்ந்தது.

முள்வேலி:

கேக்க நல்லா இருக்கு அண்ணே. முழுசா சொல்லுங்க. அந்த 14 பேர்ல முன்னாடி நின்ன அசுசேனா விஜாஃப்ளோர் என்ன ஆனாங்க? அதே வருசம் டிசம்பர்ல தூக்கிட்டுப் போயிட்டாங்க. எலும்பை அடையாளம் கண்டது 2005-ல. அந்தத் தாய்மார் கூட்டத்துக்குள்ள தம்பியைத் தேடுறேன்னு சொல்லி ஒரு கடற்படை ஆளே புகுந்து காட்டிக்குடுத்தான். இரண்டாவது ஆள் கிடைச்சா போதும்கறீங்க. இரண்டாவது ஆளு அவங்க ஆளா இருந்தா?

இன்னொண்ணு. பயம், தனிமைன்னே பேசிட்டிருக்கீங்க. ஆதாயத்தை ஏன் ஒருத்தரும் பேசலை? நாஜிக் காலத்துல ஹாம்பர்க்ல யூதர்களை நாடு கடத்தினதுக்கு அப்புறம் அவங்க வீட்டுச் சாமானையெல்லாம் பொது ஏலத்துல விட்டாங்க. மேசை, படுக்கை, துணி எல்லாம். சாதாரண ஜனம்தான் வரிசையில நின்னு வாங்குச்சு. அவங்க என்ன கொள்கை புகட்டப்பட்டவங்களா, தனியாக்கப்பட்டவங்களா? மலிவா கிடைச்சுது, வாங்குனாங்க. வாங்கின பிறகு ‘அந்த வீட்டுக்காரங்க எங்கே’ன்னு கேக்க வாய் வருமா?

ஜெர்மன்காரங்களோட 101-ஆம் ரிசர்வ் போலீஸ் பட்டாலியன் கதையும் அதான். 1942 ஜூலை 13, போலந்துல யூசெஃபூஃப்ங்கிற ஊர். அங்க இருந்த யூதர்களைக் கொல்லப் போறதுக்கு முன்னாடி தளபதி ட்ராப் அவரே சொல்றாரு, முடியாதுன்னு நினைக்கற மூத்தவங்க விலகிக்கலாம்னு. ஏறக்குறைய 500 பேர்ல அந்த நேரம் விலகினது ஒரு டஜன் பேர். விலகினவனுக்குத் தண்டனையும் இல்ல. சுடச் சொன்ன மத்தவங்கள்ல பெரும்பாலானவன் சுட்டான். அன்னைக்கு மட்டும் 1,500 பேரு செத்தாங்க. யார் அவங்களைத் தனியாக்கினது? கூட்டாளிக மத்தியில கோழைன்னு பேர் வாங்கக் கூடாதுன்னு சுட்டவன் நிறைய. உங்க ‘சேர்ந்து நில்’ மருந்து அங்க விஷமாத்தான் வேலை செஞ்சுது.

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. தற்போதைய கட்சிகளை இழுத்து எழுதிய இரண்டு பதிவுகளை எடுத்திருக்கிறேன். அதற்கு வேறு இழைகள் இருக்கின்றன.

கரும்பலகை:

முள்வேலி முதல்முறையாக உருப்படியாக ஒன்று சொல்லியிருக்கிறார் :) கிண்டல் இல்லை, உண்மையாகவே. அந்த ஏல விசயம்தான் நான் தேடிக்கொண்டிருந்த இணைப்பு. முதலில் ஆதாயம், அப்புறம் அதற்கேற்ற நம்பிக்கை. மேசையை வாங்கியவருக்கு ‘அவர்கள் மோசமானவர்கள்’ என்று நம்ப ஒரு காரணம் தேவைப்படும், பாடப்புத்தகம் அதைக் கையில் கொடுக்கும். நான் புகட்டுவதை மட்டும் பார்த்தேன், விழுங்குபவருக்கு ஏன் பசி என்று பார்க்கவில்லை.

பழையகோப்பு:

முள்வேலிக்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது ஆள் உளவாளியாகவும் இருக்கலாம். முதல் ஆள் செத்தும் போகலாம். சேர்ந்து நின்றால் ஜெயிப்போம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. பட்டாலியன் விசயத்தில் ஒன்று மட்டும். ‘விலகலாம்’ என்று சொன்ன அந்த நிமிடத்தில் ஒவ்வொருவனும் பக்கத்து ஆளைப் பார்த்திருப்பான். யாரும் அசையவில்லை. அதனால் தானும் அசையவில்லை. கூட்டத்துக்குள் நின்றுகொண்டே தனியாக இருப்பது அதுதான் என்று எனக்குப் படுகிறது. இதை வளைத்துப் பேசுவதாக நீங்கள் சொன்னால் சண்டை போட மாட்டேன்.

தனியாக நின்றவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1976, நெருக்கடி நிலை. விசாரணையில்லாமல் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாமா என்பது உச்ச நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி. போடலாம் என்று பல உயர் நீதிமன்றங்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தன. விசாரணையின்போது நீதிபதி எச்.ஆர். கன்னா அரசுத் தலைமை வழக்கறிஞர் நிரேன் டேயிடம் ஒரு கேள்வி கேட்டார்: ஒரு போலீஸ் அதிகாரி சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்றே பதில் வந்தது. மற்ற நான்கு நீதிபதிகளும் அதே மேடையில் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

தீர்ப்பு ஏப்ரல் 28-இல் வந்தது. நால்வர் அரசு பக்கம், கன்னா மட்டும் எதிர். அடுத்த ஜனவரியில் அவரைத் தாண்டி அவருக்கு இளையவரைத் தலைமை நீதிபதி ஆக்கினார்கள். ராஜினாமா செய்துவிட்டுப் போனார். அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்னது 2017-இல். அப்படிச் சொன்ன நீதிபதிகளில் ஒருவர், 1976-இல் அரசு பக்கம் நின்ற நால்வரில் ஒருவருடைய மகன். இதைப் படித்தபோது எனக்குப் பெருமிதமாக இல்லை, ஆயாசமாக இருந்தது. நாற்பத்தோரு வருடம். அதற்குள் உள்ளே கிடந்தவர்களின் கதையெல்லாம் முடிந்துபோன கதை.

அஞ்சலக வழக்கும் அப்படித்தான். ஆலன் பேட்ஸ் என்பவர், வழக்கு போடப்படாமல் ஒப்பந்தத்தை மட்டும் இழந்தவர், தன்னைப் போன்றவர்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். கடைசியில் 555 பேர் சேர்ந்து வழக்குத் தொடுத்தார்கள். 2019 டிசம்பரில் மென்பொருளில் பிழைகள் உண்டு என்று நீதிபதி தீர்ப்பெழுதினார். சமரசத் தொகை ஏறக்குறைய 5.8 கோடி பவுண்டு. அதில் பெரும்பகுதி வழக்குச் செலவுக்கே போய்விட்டது. 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனை ரத்து. மீதிப் பேருக்காக 2024 மே மாதத்தில் நாடாளுமன்றம் தனிச்சட்டமே போட வேண்டி வந்தது. இதற்குள் எத்தனையோ பேர் குற்றவாளி என்ற பெயரோடேயே செத்துப்போயிருந்தார்கள்.

முள்வேலி:

இப்பத்தான் நம்புற மாதிரி பேசறீங்க.

இரவுப்பணி:

எல்லாருக்கும் நன்றி. எனக்கு அர்ஜென்டினா அளவுக்கெல்லாம் இல்லைங்க, கூலிதான் பிரச்சினை. நேத்து டீ நேரத்துல பேக்கிங் பிரிவுல இருக்கற அக்கா ஒருத்தங்ககிட்ட மெதுவா பேச்சுக் குடுத்தேன். அவங்களையும் ஓரமா கூட்டிட்டுப் போயி ‘உங்களுக்கு மட்டும்தான்மா இந்தச் சந்தேகம்’னு சொல்லியிருக்காங்க. வார்த்தை மாறாம. அக்கா அதை வீட்டுக்காரர்கிட்டகூட சொல்லலையாம்.

இப்ப அடுத்த படிவம் வரப்போவுது. என்ன பண்ணலாம்? போடாம இருந்தா அன்னைக்கே கேட் பாஸைப் புடுங்கிருவாங்க.

சதுரங்கன்:

அந்தப் படிவத்தில் தேதி எழுத இடம் இருக்கிறதா?

இரவுப்பணி:

இருக்கு. ஆனா அதைக் காலியா விடச் சொல்வாங்க. ஆபீஸ்ல போட்டுக்குவோம்னு.

சதுரங்கன்:

ஏன் காலியாக விடச் சொல்கிறார்கள் என்று யோசியுங்கள். எந்த மாதத்துக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்டால் தேதியோடு போடுங்கள், பக்கத்திலேயே வெளியே விட்ட நேரத்தையும் எழுதுங்கள். எதிர்க்கிற மாதிரியும் இருக்காது. அந்த அக்காவையும் அதே போல எழுதச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் தினமும் வெளியே வந்த நேரத்தை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள், இருவரும் தனித்தனி நோட்டில். பின்னால் தொழிலாளர் துறைக்கோ வக்கீலிடமோ போக நேர்ந்தால் இரண்டு நோட்டும் ஒத்துப்போவதுதான் பேசும்.

முள்வேலி:

நோட்டைக் கிடங்குக்குக் கொண்டு போயிராதீங்க தம்பி. அந்த அக்காவை நல்லாத் தெரியுமா உங்களுக்கு?

இரவுப்பணி:

தெரியும்ணே. முதல் வாரம் உறுதிமொழி சொல்றப்ப வாயை மட்டும் அசைச்சிட்டிருந்தது அவங்கதான்.